சக்கர வீட்டின் கறுப்புக் கரை

லண்டனில் ஒரே வருஷத்தில் மூன்று ராஜாக்கள் மாறிய வருஷம் அது. அந்தச் செய்தி கொல்லிமலைக்கு ஏறி வருவதற்குள் மூன்றாவது ராஜாவுக்கு நாற்காலி பழகிப்போயிருக்கும். மலைக்கு அப்போது ரோடு கிடையாது. காளப்பநாயக்கன்பட்டியில் வண்டியை விட்டு இறங்கி, செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு அரை நாள் ஏறினால்தான் செம்மேடு. உப்பு ஆள் தலையில் ஏறியது. மண்ணெண்ணெய் ஆள் தலையில் ஏறியது. இப்படிப்பட்ட மலையின் உச்சிக்குச் சக்கரம் வைத்த வீடு ஒன்றைக் கொண்டுபோக வேண்டும் என்று ஒருவருக்குத் தோன்றினால், அவரிடம் நிறையப் பணமும் கொஞ்சம் கிறுக்கும் இருக்க வேண்டும். ஆரஞ்சுத் தோட்டத்துத் துரைக்கு இரண்டும் இருந்தன.

சீமையில் கார்களுக்குப் பின்னால் கட்டி இழுத்துப் போவார்களாம், அப்படி ஒரு வீடு. உள்ளே படுக்கை, அடுப்பு, மடக்கு மேஜை, கண்ணாடி ஜன்னல், வெளியே பால் வெள்ளைப் பெயிண்ட். கப்பலில் வந்து, ரயிலில் வந்து, காளப்பநாயக்கன்பட்டிப் புளியமரத்தடியில் வந்து நின்றது. அதற்கு மேல் உருள வழியில்லை. துரை தோட்டத்துக் கணக்கெழுதி ஆட்களை மேய்க்கிற ரைட்டர் அர்த்தனாரியைக் கூப்பிட்டு, “எப்படியாவது மேலே கொண்டு வா” என்று சொல்லிவிட்டுக் குதிரை ஏறிப் போய்விட்டார். அந்த ‘எப்படியாவது’ யார் தலையில் விடியும் என்று அவர் யோசித்திருக்க மாட்டார்.

அர்த்தனாரி அடிவாரத்துப் பேளுக்குறிச்சிக்காரன். வீட்டைப் பலகை பலகையாகக் கழற்றச் சொன்னான். அறுபது மலைக்காரர்கள் எட்டு நாள் சுமந்தார்கள். கூரை போனது, சுவர் போனது, ஜன்னல் போனது. கடைசியில் மிஞ்சியது அடியில் இருந்த இரும்புச் சட்டம். பதினாறு பேர் மூங்கில் கட்டித் தூக்கினார்கள். ஐப்பசி மழை. பாதையில் சேறு எண்ணெய் மாதிரி வழுக்கியது. தான்றி மரம் நிற்கிற வளைவில், பள்ளத்துப் பக்கம் தோள் கொடுத்திருந்த வேலப்பனுக்குக் கால் போய்விட்டது.

வேலப்பன் சின்னக்கண்ணுவின் புருஷன். பள்ளத்தின் விளிம்பில் ஒரு கையால் இரும்பைப் பிடித்துத் தொங்கினான். இரும்பை இறக்கி வைத்துவிட்டு ஆளைப் பிடித்து இழுத்திருந்தால் பிழைத்திருப்பான். பதினைந்து பேரும் இறக்கத்தான் குனிந்தார்கள். மேட்டில் நின்ற அர்த்தனாரி, “எறக்காதே! இரும்பு உருண்டா ஒருத்தன் தோலும் மிஞ்சாது! மேலே இழு!” என்று கத்தினான். பயத்தில் இழுத்தார்கள். இரும்பு ஒரு குலுக்குக் குலுக்கி மேலே ஏறியது. வேலப்பனின் கை கழன்றது.

அதோடு விட்டிருந்தாலும் சின்னக்கண்ணு ஒரு நாள் ஆறியிருப்பாளோ என்னவோ. அர்த்தனாரி ஊர்க்கவுண்டர் குழந்தைசாமியிடம் போய், “உங்க ஆளு காலையிலேயே குடிச்சுட்டு வந்தானுங்க. வேண்டாம்னு நான் சொன்னேன், கேக்கலே” என்றான். கூடத் தூக்கியவர்கள் ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. தோட்டத்து வேலை அவன் கையில் இருந்தது. தோட்டத்தைத் தாண்டித்தான் அவர்களுடைய சாமைக் காட்டுக்குப் பாதையும் இருந்தது.

அந்த ஊரில் வழக்கம் ஒன்று உண்டு. செத்தவருக்கு ஒரு கல் நடுவார்கள். தை மாதம் புதுச் சாமையைப் பொங்கி முதல் கவளத்தைக் கல்லுக்கு வைத்த பிறகுதான் வீட்டில் சாப்பிடுவார்கள். குடித்து விழுந்து செத்தவனுக்கு மட்டும் கல் கிடையாது. குழந்தைசாமிக் கவுண்டர் பொல்லாதவர் அல்ல, வழக்கத்தை மீறத் தெரியாதவர். “கல்லு வேண்டாம் சாமி” என்று சின்னக்கண்ணுவிடம் சொல்லிவிட்டார்.

வேலப்பன் கள்ளின் வாடைக்கே மூக்கைப் பிடித்துக்கொள்கிற ஆள். கூடத் தூக்கிய சின்னையன் ஒரு நாள் பலாமரத்தடியில் நடந்ததை நடந்தபடி அவளிடம் சொல்லி அழுதான். “இதையே ஊர்லே வந்து சொல்லு” என்றாள் சின்னக்கண்ணு. அவன் தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டான். அந்தத் தை மாதம் அவள் புதுச் சாமை பொங்கவில்லை. பழைய கேழ்வரகையே கிண்டித் தின்றாள்.

அன்றைக்கே அவள் ஒன்றை முடிவு செய்துகொண்டாள். சின்னையன் சொல்லி ஆகப்போவது ஒன்றுமில்லை. சொன்ன வாயே வந்து மாற்றிச் சொல்ல வேண்டும்.

*

சக்கர வீடு மேலே மறுபடி பூட்டப்பட்டு ஒரு வருஷம் நின்றது. சக்கரம் பாட்டுக்குச் சக்கரமாக இருந்தது, ஒரு அடி உருளவில்லை. துரை வருஷத்துக்கு இரண்டு முறை வந்து அதில் பத்து நாள் தங்கிப் போவார். மற்ற நாளெல்லாம் அர்த்தனாரி அதன் உள்ளே மெத்தையில் படுத்துத் தூங்கினான். துரைக்கு அது தெரியாது, ஊருக்குத் தெரியும்.

கொல்லிமலை மழைக்கும் பனிக்கும் சீமைப் பெயிண்ட் தாங்கவில்லை. வெள்ளை வெடித்து, செதில் செதிலாகத் தூக்கி, வடக்குப் பக்கம் பாசி பிடித்தது. கிறிஸ்துமஸுக்கு விருந்தாளிகளோடு வருவதாகவும், அதற்குள் வீட்டுக்குப் பச்சைப் பெயிண்ட் அடித்துக் கறுப்பில் கரை கட்டி வைக்க வேண்டும் என்றும் துரை கடிதம் போட்டார். கார்த்திகை பாதியில் அடிவாரத்திலிருந்து செங்கோடன் என்கிற பெயிண்டர் டின்களோடு ஏறி வந்தான். ரேக்ளா வண்டிக்கும் தேர்ச் சக்கரத்துக்கும் வர்ணம் அடித்துப் பெயர் வாங்கியவன்.

பழைய பெயிண்ட்டைச் சுரண்டப் பெண்ணாள் வேண்டும் என்றபோது சின்னக்கண்ணு போய் நின்றாள். அர்த்தனாரிக்குச் சோறாக்கிக்கொண்டிருந்த பாப்பாயிக்குத் தூக்கிவாரிப் போட்டது. பாப்பாயி வேலப்பனின் தங்கை. அண்ணன் பெண்டாட்டியை அந்தப் பக்கத்தில் நங்கை என்பார்கள்.

“ஏன் நங்கே, இந்த வேலைக்கா வாரே? எங்க அண்ணனைக் கொன்ன வண்டி இது.”

“நீ அவனுக்குச் சோறாக்கறே.”

“என்ற வவுறு ஆக்கச் சொல்லுது. உனக்குக் காடு இருக்குது, நாலு பலா இருக்குது.”

“தூரத்துலே இருந்தா மறந்து போயிருமோன்னு பயமா இருக்குது பாப்பாயி. கிட்ட வந்து பாத்துட்டே இருக்கறேன்.”

அர்த்தனாரி அவளைப் பார்த்து ஒரு நிமிஷம் தயங்கினான். அப்புறம் சிரித்தான். பொம்பளை, பசி, வந்துவிட்டாள் என்று கணக்குப் போட்டிருப்பான். அந்தச் சிரிப்பை அவள் பத்திரமாக எடுத்து வைத்துக்கொண்டாள்.

சுரண்டுகிற வேலை லேசுப்பட்டதல்ல. உடைந்த பாட்டில் கண்ணாடியால் செதிலைத் தூக்க வேண்டும். அப்புறம் உப்புத்தாள் போட்டுத் தேய்க்க வேண்டும். வெள்ளைத் தூள் தலைமயிரில், மூக்கில், களி உருண்டையில் எல்லாம் படிந்தது. மத்தியானம் அவரைக்கொட்டைக் குழம்பில் களியைத் தொட்டுத் தின்றால் பல்லில் நறநறவென்றது. பனி வேறு பத்து மணி வரை விலகாது. ஈரப் பலகையில் பெயிண்ட் நிற்காது என்று செங்கோடன் வெயிலுக்காகக் காத்திருப்பான். அந்த நேரத்தில் சும்மா இருக்க மாட்டான், கையைப் பார்த்துச் சொல்லிக் கொடுப்பான். மக்கு வைத்து ஓட்டையை அடைப்பது, பிரஷ்ஷை மேலிருந்து கீழே இழுப்பது, கரை கட்டும்போது மூச்சைப் பிடித்துக்கொள்வது. ஆறே நாளில் சின்னக்கண்ணுவின் கை அவன் கையை விடச் சுத்தமாக ஓடியது.

“நீ ஆம்பளையாப் பொறந்திருந்தா என்ற பொழப்புப் போயிருக்கும் ஆத்தா” என்றான் செங்கோடன்.

அர்த்தனாரி காலையும் மாலையும் வந்து பார்ப்பான். பார்ப்பது என்றால் கண்ணால் அல்ல. எதையும் உள்ளங்கையால் தடவிப் பார்த்தால்தான் அவனுக்கு நம்பிக்கை. மிளகு மூட்டையைத் தடவுவான், பலாப்பழத்தைத் தடவுவான், பலகையைத் தடவுவான். தடவிய கையாலேயே கழுத்து வேர்வையைத் துடைத்துக்கொள்வான். வெற்றிலை போடுகிற நேரத்தில் கதவுச் சட்டத்தில் முதுகைச் சாய்த்துக்கொண்டு நிற்பான். சின்னக்கண்ணு உப்புத்தாளைத் தேய்த்தபடி இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

*

ஏழாம் நாள் செங்கோடன் மலை தெரியாத ஆள் செய்கிற ஒரு காரியத்தைச் செய்தான். பெயிண்ட் கலக்கக் குச்சி வேண்டுமென்று ஓடைப் பக்கம் போய் நல்ல நேரான கிளையாக ஒன்றை ஒடித்து, பட்டையை உரித்துக்கொண்டே வந்தான். டின்னில் விடப்போனபோது பாப்பாயி பார்த்துவிட்டாள். அலறிக்கொண்டு ஓடிவந்து ஒரு விறகுக் கட்டையால் அதைத் தட்டிவிட்டாள்.

“அய்யய்யோ, அது சேராமரமுங்க! ஒடிச்ச கையை மூஞ்சிலே வெச்சுராதீங்க!”

சேராங்கொட்டை மரத்தை எல்லோருக்கும் தெரியும், வண்ணார் துணிக்குக் குறி போடுவது அந்தக் கொட்டையின் கறுப்புச் சாறால்தான். மரத்தைத் தெரிந்தவர்கள் அதனடியில் நிழலுக்குக்கூட ஒதுங்க மாட்டார்கள். பால் பட்ட இடம் கொப்பளித்து வீங்கும். செங்கோடனுக்குச் சாயங்காலத்துக்குள் இரண்டு கையும் முழங்கை வரை வீங்கிவிட்டன. மறுநாள் கண் இடுங்கிவிட்டது.

“டாக்டரு வேண்டாமுங்க” என்றாள் பாப்பாயி. “சேரா பிடிச்சா தான்றிதான் விடுவிக்கும். எறங்கற வழியிலே வளைவுலே இருக்குதே, அந்தத் தான்றி. மூணு சுத்துச் சுத்தி, செஞ்ச தப்பை வாயை விட்டுச் சொல்லோணும். ஒண்ணை மறைச்சீங்கன்னாலும் வீக்கம் தொண்டைக்கு எறங்கிரும். சுத்தாத ஆளை ஆரும் அந்த மரத்தைத் தாண்டித் தூக்கிட்டும் போகமாட்டாங்க, தூக்கறவனையும் பிடிச்சுக்கும்.”

எல்லோரும் கூடப் போனார்கள். அர்த்தனாரியும் வேடிக்கை பார்க்க வந்தான். ஆனால் அந்த வளைவில் பள்ளத்துப் பக்கம் அவன் திரும்பவில்லை. செங்கோடன் தட்டுத் தடுமாறி மூன்று சுற்றுச் சுற்றினான். மரத்தைத் தொட்டுக்கொண்டு நின்றான். எல்லோரும் காத்திருந்தார்கள்.

“பெயிண்ட்டுக்கு ஊத்தற ஆளிவிதை எண்ணெயிலே பாதிக்குப் பாதி கடலை எண்ணெய் கலந்துட்டேன் சாமீ” என்று ஓவென்று அழுதான்.

பச்சைப் பெயிண்ட் நாலு நாளாகியும் ஏன் பிசுபிசுவென்று கையில் ஒட்டுகிறது என்று எல்லோருக்கும் அப்போதுதான் விளங்கியது. அர்த்தனாரி அடிக்கக் கையை ஓங்கினான், பக்கத்திலிருந்தவர்கள் தடுத்தார்கள். செங்கோடன் மரத்தடியிலிருந்து அப்படியே கீழே இறங்கிப் போனான். மூன்றாம் நாள் வீக்கம் வடிந்துவிட்டது என்று உப்புக்காரர் வந்து சொன்னார்.

திரும்பி ஏறும்போது அர்த்தனாரி வழக்கத்தை விட வேகமாக நடந்தான். பேளுக்குறிச்சியில் பிறந்தவனுக்கும் தான்றியைத் தெரியும். அவன் முதுகையே பார்த்துக்கொண்டு சின்னக்கண்ணு பின்னால் வந்தாள். ஒரு வருஷமாக உள்ளே கிடந்த ஒன்று அவளுக்குள் எழுந்து உட்கார்ந்தது. இந்த வாயைத் திறக்க வைக்கிற சாவி ஓடைக் கரையில் காய்த்துத் தொங்குகிறது என்று அவளுக்குத் தெரிந்துபோயிற்று.

*

துரை வரப் பன்னிரண்டு நாள்தான் இருந்தது. வேறு பெயிண்டரைத் தேட நேரமில்லை. மிச்ச வேலையைச் சின்னக்கண்ணுவையே முடிக்கச் சொன்னான் அர்த்தனாரி. பிசுபிசுத்த பச்சையைத் துடைத்தெடுத்து, புது எண்ணெய் வரவழைத்து, அவள் ஒற்றை ஆளாகவே இரண்டு பூச்சு அடித்தாள். வெயில் பட்டதும் வீடு வெற்றிலைக் கொடி மாதிரி மினுமினுத்தது. கறுப்பு டின்னைத் திறந்தபோது அடியில் கொஞ்சம்தான் இருந்தது. ஏறி வந்தபோதே வழியில் ஒழுகிப்போயிருக்கிறது.

“இப்ப என்ன பண்றது?” என்றான் அர்த்தனாரி.

“விளக்குக் கரி இருக்குது, எண்ணெய் இருக்குது. கறுப்பை நான் பாத்துக்கறனுங்க” என்றாள்.

“பளபளன்னு இருக்கோணும்.”

“இருக்குமுங்க.”

“காயற வரைக்கும் எவன் கையும் படக்கூடாது. எல்லாத்துக்கும் சொல்லிரு. பட்டுச்சுன்னா கையை வெட்டிப் போடுவேன்.”

“சொல்லிர்றனுங்க. ஆரும் தொடமாட்டாங்க.”

அந்த உத்தரவை அவன் வாயாலேயே கேட்டதில் அவளுக்கு நெஞ்சு குளிர்ந்தது. அவனைத் தவிர யாரும் அந்தக் கதவைத் தொடப்போவதில்லை. அவன் மட்டும் தொடாமல் இருக்கப்போவதில்லை.

சேராவைத் தொடுகிறவர்கள் செய்கிறபடி, கையிலும் முகத்திலும் விளக்கெண்ணெயை வழிய வழியத் தேய்த்துக்கொண்டு, துணியைச் சுற்றிக்கொண்டு ஓடைக்குப் போனாள். காய் பொறுக்கி வந்து, ஓட்டுச் சட்டியில் போட்டு நெருப்பில் வைத்துச் சாறு வடித்தாள். தார் மாதிரி இறங்கியது. கரியோடும் எண்ணெயோடும் குழைத்தாள். இரண்டு சட்டியில் கறுப்பு எடுத்துக்கொண்டாள். வெறும் கரிக் கறுப்பு ஜன்னலுக்கும் சக்கரத்துக்கும் அடிக்கரைக்கும். மற்றது கதவுச் சட்டத்துக்கும் படிக்குப் பக்கத்துக் கைப்பிடிக் கம்பிக்கும்.

பாப்பாயி சோற்றுச் சட்டியோடு வந்தவள் இரண்டு சட்டியையும் பார்த்தாள். மூக்கைச் சுளித்தாள். உடனே புரிந்துகொண்டாள்.

“நங்கே.”

“கதவுகிட்டப் போகாதே. சோத்தை வெளியிலே கல்லு மேலே வெச்சுட்டு வந்துரு. துரை வாரதுக்குள்ளே கழுவிருவேன்.”

“செத்துகித்துப் போனா?”

“சேராயிலே ஆரும் சாகமாட்டாங்க. பேச வாய் வேணுமில்ல, அவனுக்கு?”

பாப்பாயி சோற்றுச் சட்டியைக் கீழே வைத்தாள். பயந்துவிட்டாள் என்று சின்னக்கண்ணு நினைத்தாள். பாப்பாயியோ முந்தானையைச் செருகிக்கொண்டு, “அந்தப் பூட்டுக் கைப்பிடியை விட்டுட்டியே” என்றாள்.

மூச்சைப் பிடித்துக்கொண்டு சின்னக்கண்ணு கரை கட்டினாள். ஒரு இடத்தில்கூடக் கறுப்பு பச்சைக்குள் வழியவில்லை. செங்கோடன் பார்த்திருந்தால் மெச்சியிருப்பான்.

சாயங்காலம், கறுப்பு மேலாகக் காய்ந்து பிசுக்கு மட்டும் மிஞ்சியிருந்தபோது, அர்த்தனாரி வந்தான். சுற்றி வந்து பார்த்தான். உள்ளங்கையால் கதவுச் சட்டத்தை மேலிருந்து கீழாக ஒரு தடவு தடவினான். கழுத்தைத் துடைத்துக்கொண்டான். “பரவாயில்லே, கை சுத்தமாத்தான் இருக்குது உனக்கு” என்றான். வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டு சட்டத்தில் சாய்ந்தான். கம்பியைப் பிடித்துப் படி ஏறினான். கைப்பிடியைத் திருகி உள்ளே போய்ப் படுத்தான்.

*

மறுநாள் அரிப்பு என்றான். அடுத்த நாள் எழுந்திருக்க முடியவில்லை. மூன்றாம் நாள் பார்த்தவர்கள் பயந்துபோனார்கள். முகம் பலாப்பழம் மாதிரி வீங்கிப் புடைத்து, கண் இரண்டும் கோடாகிவிட்டன. உள்ளங்கை கொப்பளித்து நீர் வடிந்தது. முதுகைத் தரையில் வைக்க முடியாமல் குப்புறக் கிடந்து முனகினான். சேரா என்று யாரும் சொல்லித் தெரிய வேண்டியிருக்கவில்லை.

“நாமக்கல் ஆஸ்பத்திரிக்குத் தூக்குங்கடா” என்று அழுதான்.

குழந்தைசாமிக் கவுண்டர் ஆள் கூட்டினார். மூங்கிலில் கம்பளியைக் கட்டி டோலி செய்தார்கள். அன்று இரும்பைத் தூக்கியவர்களில் கருப்பண்ணனும் சின்னையனும் இன்னும் இரண்டு பேரும் தோள் கொடுத்தார்கள். கவுண்டர் தடியூன்றிக் கூட நடந்தார். சின்னக்கண்ணுவும் பாப்பாயியும் பின்னால் போனார்கள். பனி விலகிச் சுள்ளென்று வெயில் அடித்தது. தான்றி வளைவு வந்ததும் டோலி நின்றது.

“ஏன் நிறுத்தறீங்க? போங்கடா!” என்றான் அர்த்தனாரி.

“சுத்தாம எப்படிங்க போறது?” என்றான் முன்னால் நின்ற சின்னையன். அவன் ரைட்டரின் முகத்தைப் பார்க்கவில்லை. ஆனாலும் மூங்கிலைத் தோளிலிருந்து இறக்கிவிட்டான். “எங்களையும் பிடிச்சுக்குமுங்க. எறங்கிச் சுத்துங்க.”

“கவுண்டரே, சொல்லுங்க இவனுகளுக்கு.”

“வழக்கமுங்களே ரைட்டரே” என்றார் கவுண்டர். “நான் என்ன சொல்றது?”

இரண்டு பேர் கைத்தாங்கலாக அவனைச் சுற்ற வைத்தார்கள். மூன்று சுற்று முடிந்தது. அவன் வீங்கிய கையை மரத்தில் வைத்துக்கொண்டான்.

“ஆளுகளை அடிச்சேன்” என்றான்.

“சரீங்க” என்றார் கவுண்டர்.

“துரை மெத்தையிலே படுத்தேன். அவரு சாராயப் புட்டியிலே தண்ணியை ஊத்தி வெச்சேன்.”

கருப்பண்ணனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, இருமி மறைத்தான். “இன்னும் இருக்குதுங்களா?”

“இல்லே. அவ்வளவுதான். தூக்குங்க.”

ஒருவரும் மூங்கிலைத் தொடவில்லை.  சின்னக்கண்ணு கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, மரத்துக்கும் பள்ளத்துக்கும் நடுவில், வேலப்பனின் கால் வழுக்கிய இடத்தில் நின்றாள்.

“ஏனுங்க ரைட்டரய்யா, தொண்டை எப்படி இருக்குதுங்க?”

குரல் வந்த பக்கம் அவன் தலையைத் திருப்பினான். கண் தெரியவில்லை. கையைத் தூக்கித் தொண்டையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான்.  எச்சிலை விழுங்கினான், விழுங்க முடியவில்லை என்று தோன்றியிருக்க வேண்டும்.

“அவன் குடிக்கலே” என்றான்.

“எவன்?” என்றாள் சின்னக்கண்ணு.

“வேலப்பன்.”

“சத்தமாச் சொல்லுங்க. கவுண்டருக்குக் காது மந்தம்.”

“வேலப்பன் குடிக்கலே! குடிச்சுட்டு வரலே! இரும்பைப் பிடிச்சுத் தொங்குனான். எறக்கப் போனவனுகளை நான்தான் தடுத்தேன். இரும்பு போனா வேலை போயிரும்னு பயந்துட்டு இழுக்கச் சொன்னேன். அவன் என்னைப் பாத்துட்டேதான் விழுந்தான். சாமீ, தான்றி சாமீ, என்னை விட்ரு!”

மரத்தடியில் சரிந்து உட்கார்ந்து குழந்தை மாதிரி அழுதான். சின்னையன் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டான். கவுண்டர் தடியை ஊன்றிப் பள்ளத்து விளிம்பு வரை போய் எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பினார்.

“நீங்க அன்னிக்குத் தூக்குனவங்கதானே?” என்றார் டோலிக்காரர்களைப் பார்த்து. “இவரு சொல்றது மெய்தானா?”

“மெய்தானுங்க” என்றான் சின்னையன். கருப்பண்ணனும் தலையை ஆட்டினான்.

“வாயிலே என்னடா வெச்சிருந்தீங்க இத்தனை நாளா?” கவுண்டர் தடியால் தரையைக் குத்தினார். சின்னக்கண்ணு பக்கம் திரும்பினார். அவள் முகத்தைப் பார்க்கவில்லை. “தை பொறக்கட்டும் சாமி. கல்லை நானே தூக்கியாறேன்.”

அர்த்தனாரிக்கு அது காதில் விழுந்தது. அவள் நிற்கிற திசையைப் பார்த்துக் கையைக் கூப்பினான். கொப்புளம் உடைந்து மணிக்கட்டில் வழிந்தது.

“சொல்லிட்டேன் அம்மிணி. எல்லாத்தையும் சொல்லிட்டேன். மன்னிச்சுட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லு.”

சின்னக்கண்ணு குனிந்து அவன் முகத்துக்கு நேராக வந்தாள். இன்னும் போகாத விளக்கெண்ணெய் வாசம் அவனுக்கு வீசியிருக்கும். எதனால் அந்த வாசம் என்பதும் அப்போது அவனுக்கு விளங்கியிருக்கும், வாய் பிளந்தது.

“தான்றி மன்னிக்குமுங்க” என்றாள். “நான் மரமில்லீங்க.”

*

அர்த்தனாரி பிழைத்துக்கொண்டான். மலை ஏற மறுபடி அவன் வரவில்லை, பேளுக்குறிச்சிச் சந்தையில் மிளகுத் தரகு பார்ப்பதாகச் சொன்னார்கள். சின்னக்கண்ணு அன்று மத்தியானமே திரும்பிப் போய், கதவுச் சட்டத்தையும் கம்பியையும் கைப்பிடியையும் மண்ணெண்ணெயும் சாம்பலும் போட்டு மூன்று தடவை கழுவி, உப்புத்தாள் தேய்த்து, வெறும் கரிக் கறுப்பில் மறுபடி கரை கட்டினாள். கிறிஸ்துமஸுக்கு வந்த துரையின் விருந்தாளிகள் சக்கர வீட்டைச் சுற்றிச் சுற்றி வந்து மெச்சினார்கள்.

தை பிறந்ததும் குழந்தைசாமிக் கவுண்டர் சொன்னபடியே கல்லைத் தோளில் சுமந்து வந்தார். சின்னையன் பாதி வழியில் தோள் மாற்ற வந்தபோது தரவில்லை. கல்லை நட்டு, மஞ்சள் பூசி, புதுச் சாமைப் பொங்கலில் முதல் கவளத்தை வைத்தார்கள். இரண்டு வருஷத்துக்குப் பிறகு சின்னக்கண்ணு புதுச் சாமை தின்றாள். தின்னும்போது வலது மணிக்கட்டில் துணி விலகியது.

விளக்கெண்ணெயையும் மீறி அங்கே ஒரு துளி பட்டிருந்தது. ஒரு மாதமாகியும் ஆறாமல், நடுவில் கறுத்து, ஓரமெல்லாம் தடித்து நீர் வைத்திருந்தது. பாப்பாயி பார்த்துவிட்டாள்.

“ஏன் நங்கே, இதோடவா இத்தனை நாளா இருக்கறே? நாளைக்கு நாம ரெண்டு பேரும் போய்த் தான்றியைச் சுத்திட்டு வந்துரலாம். வடிஞ்சுரும்.”

சின்னக்கண்ணு துணியை இழுத்துச் சரியாகச் சுற்றிக்கொண்டாள். இன்னொரு கவளத்தை உருட்டினாள்.

“தப்புப் பண்ணுனவங்கதான் சுத்தோணும் பாப்பாயி” என்றாள்.